சக்கிமுக்கித் துப்பாக்கியும் அதன் இலக்குகளும்: ஆம்பூர் (1749), வேலூர் (1806)

திறவுச்சொற்கள்: சக்கிமுக்கித் துப்பாக்கி, ஆம்பூர்ப் போர், வேலூர்க் கிளர்ச்சி, சிப்பாய், தோல், தோட்டா

முன்னுரை

வேலூர்க் கிளர்ச்சி பற்றிய எழுத்துகளில் தலைப்பாகைக்குக் கிடைத்துள்ள இடம், சிப்பாயின் தோளிலிருந்த துப்பாக்கிக்குக் கிடைக்கவில்லை. தலைப்பாகை கிளர்ச்சியின் காரணம். துப்பாக்கி வெறும் கருவி என்ற எண்ணமே இதற்கு அடிப்படை எனலாம். கருவியின் இயல்பை அறியாமல் அவ்விரவின் போக்கை விளக்க இயலாது என்பதும், காரணத்தைப் பற்றிய ஒரு பழைய விளக்கத்தை அக்கருவியே கேள்விக்குள்ளாக்குகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள். இதே பாலாற்றுச் சமவெளியில் 57 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஆம்பூர்ப் போரும் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கருவியின் இயல்பு

துப்பாக்கி, சிப்பாய், சக்கிமுக்கி ஆகிய மூன்று சொற்களுமே துருக்கி, பாரசீக மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்தவை. சக்கிமுக்கித் துப்பாக்கியில் கொக்கி போன்ற ஓர் உறுப்பு கல்லைக் கவ்வியிருக்கும். கல் நழுவாதிருக்க அதனைச் சுற்றி ஒரு தோல்துண்டு அல்லது ஈயத்தகடு வைக்கப்படும். விசையை இழுத்ததும் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி எழுப்பும். பொறி கிண்ணியிலுள்ள மருந்தைப் பற்றவைக்கும். அத்தீ சிறு துளை வழியே குழலுக்குள் சென்ற பின்னரே வெடி கிளம்பும். விசையை இழுப்பதற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையில் உணரத்தக்க ஒரு கணம் கழிகிறது.

அக்கணத்தின் பொருளை இன்று நன்கு அறிந்தவர்கள், களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியாளர்களே. குழல்வாய் வழியே மருந்து கிட்டிக்கும் பழைய துப்பாக்கிகளுக்கான எம்.எல்.ஏ.ஐ.சி. என்னும் பன்னாட்டு அமைப்பின் போட்டிகளில், சக்கிமுக்கித் துப்பாக்கியால் பறக்கும் தட்டுகளைச் சுடும் பிரிவு ஒன்று உண்டு. இலண்டனில் புகழ்பெற்றிருந்த துப்பாக்கிக் கைவினைஞர் ஜோசப் மாண்டனின் பெயரால் அது வழங்குகிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி 1880இல் அறிமுகப்படுத்திய களிமண் தட்டின் வழிவந்ததே அவ்விலக்கு. இன்றைய தட்டில் களிமண் இல்லை என்பது வேறு. விசையை இழுத்த பிறகும் தட்டின் போக்கிலேயே குழலை நகர்த்திக்கொண்டிருப்பவருக்குத்தான் தட்டு உடையும். கிண்ணியில் தீ தெரிந்ததும் முகம் சுளித்துக் கையசைப்பவருக்கு உடையாது. கல் பொறி தராமல் போவதும் உண்டு. 1834இல் உல்விச்சில் 6,000 வெடிகள் சுட்டுச் சோதித்தபோது சக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை வெடிக்கத் தவறியது; புதிய தொப்பித் துப்பாக்கி தவறியது 36 முறையே.

படைவீரனின் துப்பாக்கிக்கு வேறொரு குறையும் இருந்தது. கம்பெனி தன் படைகளுக்கென வடிவமைத்த ‘இந்தியன் பேட்டர்ன்’ துப்பாக்கியின் குழல் 39 அங்குல நீளமும் ஏறத்தாழ 0.75 அங்குல உள்விட்டமும் கொண்டது. குண்டோ அதனினும் சிறியது. விரைந்து கிட்டிக்க இது உதவியது. குறி தவறவும் இதுவே காரணமாயிற்று. நூறு கஜத்திற்கு அப்பால் தனி ஒருவனைக் குறிபார்த்துச் சுடுவது பெரும்பாலும் வீண். ஆகவே ஒருவன் ஒருவனைக் குறிபார்ப்பதன்று, வரிசையாக நிற்போர் ஒரே நேரத்தில் சுடுவதே இத்துப்பாக்கியின் போர்முறை. நிமிடத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை சுடும் பயிற்சியே சிப்பாயின் மதிப்பை நிர்ணயித்தது.

ஆம்பூர்: யானைமேல் ஓர் இலக்கு

இவ்வுண்மையை 1746இல் அடையாற்றங்கரையில் பிரெஞ்சுப் படை ஆர்க்காட்டு நவாபின் படைக்கு உணர்த்தியிருந்தது. 1749 ஆகஸ்டு 3ஆம் நாள் ஆம்பூர்க் கணவாயில் அது மீண்டும் உறுதியாயிற்று. நவாப் அன்வாருத்தீன் கான் அகழும் மண்ணரணும் அமைத்துக் காத்திருந்தார். சந்தா சாகிப், முசாபர் ஜங் ஆகியோருக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையின் முதல் இரு தாக்குதல்கள் முறியடிக்கப்பட்டன. தளபதி தோத்தேய் காயமுற்றார். புஸ்ஸி நடத்திய மூன்றாம் தாக்குதலில் அரண் வீழ்ந்தது. யானைமீதிருந்த நவாப் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். மூத்த மகன் மாபூஸ் கான் சிறைப்பட, முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பினார்.

தன் படையினர் அனைவரும் தன்னைக் காண வேண்டும் என்பதற்காகவே மன்னர் யானைமேல் ஏறினார். பகைவர் துப்பாக்கிக்கும் அவர் அதே அளவு புலப்பட்டார். குறி தவறும் இயல்புடைய கருவிக்கு நவாபே தகுந்த இலக்கை உயர்த்திக் காட்டினார் என்பது கசப்பான உண்மை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்றதும் இன்று நினைவுக்கு வரும் தோல் தொழிற்சாலைகளை இக்காலத்தோடு இணைத்துப் பார்ப்பது காலவழுவாகும். அவற்றின் பெருக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது.

வேலூர்: தோலும் தோட்டாவும்

1805 நவம்பரில் பிறந்த புதிய உடை விதிகள் நெற்றிக்குறியை விலக்கின. தாடியை மழிக்கச் செய்தன. தளபதி ஜான் கிராடாக் ஆணையிட்ட புதிய தலைப்பாகையில் தோலாலான ஒரு குச்சமும் இருந்தது. தோல் தீண்டத்தகாதது என்பதால் சிப்பாய்கள் சினந்தனர் என்பது அடிக்கடி எழுதப்படும் விளக்கம். இவ்விளக்கம் போதாது. சிப்பாயின் மார்பில் குறுக்கிட்ட வார்கள் தோல்; இடுப்பருகே தொங்கிய தோட்டாப் பை தோல்; துப்பாக்கியைத் தோளில் மாட்டும் வாரும் தோல். இவற்றை அவன் அன்றாடம் அணிந்துதான் பயிற்சி செய்தான். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைக் கொட்டினான். 1857இல் நெருப்பு மூட்டிய கொழுப்புப் பூச்சு 1806இன் தோட்டாவில் இல்லை. தோட்டா குறித்த முறையீடும் எழவில்லை. எனவே சிக்கல் தோல் என்னும் பொருளில் இல்லை. அது ஏறிய இடத்தில் இருந்தது. கருவியோடு சேர்ந்த தோலைக் கழற்றி வைக்கலாம். தலையில் ஏறிய தோலோ, மதம் மாறியோர் அணிவதாகக் கருதப்பட்ட தொப்பியின் சாயலோடு, நெற்றியும் முகமும் அடையாளம் இழந்த நிலையில், ஒருவன் யார் என்பதையே மாற்றுவதாகப் பட்டது.

1806 சூலை 10ஆம் நாள் பின்னிரவில் கோட்டைக்குள் நிகழ்ந்ததைக் கருவியின் நோக்கில் காண வேண்டும். 69ஆம் படைப்பிரிவினர் உறங்கிக்கொண்டிருந்த கூடங்களின் சாளரங்கள் வழியே சிப்பாய்கள் சுட்டனர். சில அடித் தொலைவில் குறி பார்க்கும் தேவையில்லை. கருவியின் குறை அங்கே மறைந்துவிடுகிறது. அப்படைப்பிரிவில் 115 பேரும், சிப்பாய்களின் சொந்த அதிகாரிகளில் 14 பேரும் மாண்டனர். விடியும்போது கோட்டையின் மீது மைசூர்க் கொடி பறந்தது.

தப்பிய வெள்ளையர் மதில்மேல் ஒதுங்கித் தாக்குப்பிடித்தனர். ஆர்க்காட்டிலிருந்து 19ஆம் குதிரைப்படையுடன் விரைந்து, மதில்மேல் ஏறிவந்த கில்லெஸ்பி கண்டது தோட்டா தீர்ந்த துப்பாக்கிகளையே. தோட்டா இல்லாத முன்வாய்த் துப்பாக்கி நுனியில் கூர்மையுள்ள ஒரு தடி மட்டுமே. அவ்வாறே அதனைப் பயன்படுத்தினார்; துப்பாக்கிமுனை ஈட்டிகளோடு மதில்வழியே பாய்ந்து, பீரங்கிகள் வந்து வாயிலை உடைக்கும் வரை காலத்தை வென்றார். சிப்பாய்களிடம் எண்ணிக்கையும் தோட்டாவும் இருந்தன. ஆனால் வரிசையாக நின்று ஒரே குரலுக்குச் சுடுவதே அவர்கள் கற்ற போர்முறை. அந்தக் குரலுக்குரியோர் ஐரோப்பிய அதிகாரிகளாகவே இருந்தனர். அக்குரல் அற்றுப்போனபின் தனித்தனியே சுட்ட துப்பாக்கிகளின் வலு பாதியாயிற்று என்று கருத இடமுண்டு. சதியின் இரகசியத்தையும் சூறையாடலையும் மட்டும் தோல்விக்குக் காரணமாக்குவோர் இதனைக் கணக்கில் கொள்வதில்லை.

அரண்மனைக்குள் புகலடைந்த நூறு சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டுச் சுவரோரம் நிறுத்திக் கொல்லப்பட்டனர். விசாரணைக்குப் பின் பீரங்கிவாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டோர் அறுவர், துப்பாக்கியால் சுடப்பட்டோர் ஐவர், தூக்கிலிடப்பட்டோர் எண்மர். தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிராடாக்கும் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் 1807இல் பதவியினின்று திருப்பி அழைக்கப்பட்டனர். சக்கிமுக்கித் துப்பாக்கியோ 1840கள் வரை சிப்பாயின் தோளிலேயே இருந்தது.