பாலிசி மறுக்கப்படுவதற்கும் ஒரு வரலாறு உண்டு



போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். வயது 26. பள்ளியில் படிக்கும்போதே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அதனால் அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் இத்தனை நாள் அவளும் இருந்தாள். அதில் பிள்ளைகளுக்கு 25 வயது வரைதான் இடம். வேலை கிடைத்தாலோ கல்யாணம் ஆனாலோ அதற்கு முன்பே பெயர் போய்விடும். சின்னக் கம்பெனியில் வேலை, அங்கே குரூப் பாலிசி கிடையாது. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டுவதால் இ.எஸ்.ஐ.யும் இல்லை. தனியாகப் பாலிசி கேட்டால், "உங்களுக்குத் தர முடியாது மேடம்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்களாம். "இது நியாயமா சார்?" என்று கேட்டாள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் 1818-இல் இருந்துதானே பதில் வரும்!

அந்த ஆண்டுதான் கல்கத்தாவில் ஓரியண்டல் லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்கியது. இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்காக வந்த தொழில் அது. இந்தியர் கேட்டால் மறுப்பார்கள், அல்லது கூடுதல் பிரீமியம் கேட்பார்கள். இந்திய உயிரென்றால் ஆபத்து அதிகமான உயிர் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 1870-இல் வந்த பம்பாய் மியூச்சுவல்தான் இந்தியர்களையும் சாதாரண பிரீமியத்துக்குச் சேர்த்துக்கொண்டது. ஆக, நம் நாட்டுக் காப்பீட்டுத் தொழிலின் முதல் பாடமே மறுப்புதான்.

மருத்துவச் செலவுக்கான காப்பீடு வேறு வழியில் வந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கினார். நம் நாட்டில் 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம், 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடக்கம். நம் பக்கத்து மில் தொழிலாளிகள் வீட்டில் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும். உடம்பு சரியில்லை என்றால் தத்தனேரி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அட்டை கொடுக்கும்போது சர்க்கரை இருக்கிறதா, தாத்தாவுக்கு மாரடைப்பு வந்ததா என்று யாரும் கேட்டதில்லை. எல்லோரும் கட்டாயமாகச் சேரும் இடத்தில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. நோயில்லாதவர் கட்டுகிற பணம் நோயாளிக்கு உதவும். தனி ஆளாகப் போய்க் கேட்கும்போதுதான் கம்பெனிக்காரர் நம்மை மேலும் கீழும் பார்க்கிறார்.

அப்படித் தனி ஆளுக்கான பாலிசி 1986-இல் வந்தது. பெயர் மெடிக்ளைம். 1973-இல் பொதுக் காப்பீட்டை நாட்டுடைமையாக்கிய பிறகு மிஞ்சியிருந்த நான்கு அரசு நிறுவனங்கள்தான் அதை விற்றன. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதில் பணமே கிடையாது. போதாக்குறைக்கு, ஒரு தடவை க்ளைம் வாங்கினால் அடுத்த வருடம் புதுப்பிக்க மறுப்பதும் நடந்தது. அப்படி மறுக்கப்பட்ட ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அரசு நிறுவனம் தன் இஷ்டத்துக்குப் புதுப்பிக்க மறுக்க முடியாது என்று 2001-இல் தீர்ப்பு வந்தது. 2013 விதிகளில் ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கும் உரிமை வந்தது. உள்ளே போனவரை வெளியே தள்ளுவது அதோடு கிட்டத்தட்ட நின்றது. வாசலிலேயே நிறுத்துவது நிற்கவில்லை.

அமெரிக்காவில் 2010-இல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்தால் பிள்ளைகள் 26 வயதுவரை பெற்றோர் பாலிசியில் இருக்கலாம். 2014 முதல் பழைய நோயைக் காட்டித் தனிநபர் பாலிசியை மறுக்கவும் முடியாது. நமக்கு அப்படி முழுமையான சட்டம் இல்லை, துண்டு துண்டாகத்தான் வருகிறது. 2017 மனநலச் சட்டம் மனநோயையும் உடல்நோய் போலவே காப்பீட்டில் சேர்க்கச் சொன்னது. தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவருக்கு இரண்டு கம்பெனிகள் பாலிசி மறுத்தன. அவர் வழக்குப் போட்டார். 2022 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளுக்கும் பாலிசி கிடைக்க வழி செய்யுங்கள் என்று ஒழுங்குமுறை ஆணையத்துக்கு உத்தரவிட்டது. 2023 பிப்ரவரியில் ஆணையம், மாற்றுத்திறனாளி, எச்.ஐ.வி. உள்ளவர், மனநோய் உள்ளவர் ஆகியோருக்கு ஒவ்வொரு கம்பெனியும் பாலிசி கொண்டுவர வேண்டும் என்றது. ஒரே ஒரு மனிதர் விடாமல் கேட்டதன் பலன் இது. சர்க்கரை நோயாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு விஷயம் சொன்னேன். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ஆணையத்தின் விதி, அதைக் கேட்டு வாங்கு என்றேன். மெயில் போட்டாள். இரண்டு வாரம் இழுத்தடித்து, டைப் 1 சர்க்கரைதான் காரணம் என்று கடிதம் வந்தது. அதையும் டாக்டர் ரிப்போர்ட்டையும் வைத்து வேறு கம்பெனியில் விண்ணப்பித்தாள். இதற்கு முன் மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே எழுதினாள். கூடுதல் பிரீமியம் போட்டார்கள், சர்க்கரை சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு மூன்று வருடம் காத்திருப்பு. ஆனால் பாலிசி கிடைத்தது. நாளைக்கே டெங்கு என்றாலும் விபத்து என்றாலும் கை கொடுக்கும். (புதுப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஏஜெண்டுகள் சிலர் "சர்க்கரை இருப்பதை எழுதாதீங்க தம்பி" என்பார்கள். கேட்காதீர்கள். க்ளைம் வரும்போது பழைய மருந்துச் சீட்டே காட்டிக்கொடுக்கும். முன்பு நான்கு வருடமாக இருந்த காத்திருப்பு உச்சவரம்பு 2024 முதல் மூன்று வருடம். தொடர்ந்து ஐந்து வருடம் கட்டிவிட்டால், மோசடி இருந்தால் தவிர, பழைய நோயைச் சொல்லவில்லை என்று தகராறு செய்ய முடியாது. அதனால் 21, 22 வயதில், உடம்பு நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுங்கள். அதில் பழைய நோயைக் காட்டி மறுப்பதில்லை. காரணம் சொல்லாமல் மறுக்கும் கம்பெனி மீது, முதலில் அவர்களின் குறைதீர் அதிகாரியிடமும், பிறகு ஆணையத்தின் 'பீமா பரோசா' இணையதளத்திலும் புகார் செய்யலாம். போன் எண் 155255. மறுப்புக் கடிதம் கையில் இருந்து, என்ன எழுதுவது என்று தெரியாதவர்கள் பரவை வீட்டுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம். விண்ணப்பத்தின் நகலை மறக்காமல் எடுத்து வரவும்.