சுழலாப் பந்து (கால்பந்து)

மிகக் குறைந்த சுழற்சியுடன் வேகமாக உதைக்கப்பட்டு, பறக்கும்போதே திசை மாறும் பந்து. மலேசியாவின் கெடா, ஆயர் ஹீத்தாமில் பிறந்த பைஸ் சுப்ரி, 2016 பிப்ரவரி 16 அன்று பினாங்கு அணிக்காகப் பகாங்குக்கு எதிராக அடித்த ஃப்ரீ கிக் இதன் புகழ்பெற்ற சான்று. அந்த ஆண்டின் மிக அழகான கோலுக்கான ஃபிஃபா புஸ்காஸ் விருது அதற்கே கிடைத்தது. ஆசியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை.

காற்றில்லாத வெளியில் எந்தப் பந்தும் பரவளையத்தில்தான் செல்லும். காற்றில், நன்கு சுழலும் பந்தை மாக்னஸ் விசை ஒரே பக்கமாக வளைக்கிறது. அனுபவமுள்ள கோல்காவலர் அதைக் கணித்துவிடுவார். சுழற்சி குறைந்தால் நிலைமை வேறு. பந்தின் இணைப்புக் கோடுகளால் காற்றோட்டம் இருபுறமும் சமமின்றிப் பிரிகிறது. பின்னால் உருவாகும் சுழிகள் இடம் மாற மாற, பக்கவாட்டு விசையும் திசை மாறுகிறது.