ஒரு சொல்லும் வாழ்நாள் மனமாற்றமும்

கிறித்தவ சமயத்தில் ஆன்மிகப் புதுப்பித்தல் ஒருமுறை நிகழ்ந்து முடிவதா, வாழ்நாள் முழுதும் தொடர்வதா என்னும் வினா, ஐரோப்பாவில் ஒரு சொல்லின் மொழிபெயர்ப்போடு பிணைந்து எழுந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலுள்ள 'மெட்டனோயியா' மனம் மாறுதலைக் குறிக்கும். இலத்தீன் வுல்காத்தா இதனைப் 'பெனிடென்சியா' என்றது. இடைக்காலத்தில் இச்சொல், குருவிடம் பாவ அறிக்கை செய்து அவர் விதித்த பரிகாரத்தை நிறைவேற்றும் திருச்சடங்கையே பெரிதும் சுட்டியது.

15ஆம் நூற்றாண்டில் லொரென்சோ வல்லா இம்மொழிபெயர்ப்பைக் குறைகூறினார். எராஸ்மஸ் 1516இல் கிரேக்க மூலத்துடன் வெளியிட்ட குறிப்புகள் அக்கருத்திற்கு வலுவூட்டின. மார்ட்டின் லூதர் 1517இல் எழுதிய 95 கருத்துரைகளுள் முதலாவது, நம்பிக்கையாளரின் வாழ்வு முழுவதுமே மனமாற்றமாக அமைய வேண்டும் என்பதாகும். இரண்டாவது, அச்சொல்லைத் திருச்சடங்கெனக் கொள்ள இயலாது என்பதாகும். கிரேக்கச் சொல்லின் பொருளை அறிஞர்வழி அறிந்ததை 1518இல் ஸ்டௌபிட்சுக்கு எழுதிய கடிதத்தில் அவர் விளக்கியுள்ளார்.

எனினும் லூதரின் 1545ஆம் ஆண்டுச் செருமன் விவிலியத்தில் 'பூசே' என்னும் சொல்லே நின்றது. ஈடுசெய்தல், தண்டம் என்னும் பொருள்களும் உடைய பழஞ்சொல் அது. சொல் மாறாது நிற்க, போதனையே அதன் பொருளை மாற்றியது எனலாம்.

தமிழில் சீர்திருத்தச் சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு 'மனந்திரும்புதல்' என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'மனம் மாறுதல்' என்றும் வழங்குகின்றன. இரண்டும் சடங்கைச் சுட்டுவன அல்ல. ஆயின் கிரேக்க ஏவலின் நிகழ்கால வடிவம் தொடர்ச்சியை உணர்த்தவல்லது. தமிழ் ஏவலோ ஒருமுறைச் செயலுக்கும் தொடர்செயலுக்கும் பொதுவானது. 'தொடர்ந்து' எனச் சேர்ப்பின் மொழிபெயர்ப்பு உரையாகிவிடும். சேர்க்காவிடின், வாழ்நாள் வளர்ச்சி என்னும் பொருளை வாசகர் சூழலிலிருந்தே பெறவேண்டும்.