பின்வரிசையிலிருந்து ஒரு தாக்குதல்

கால்பந்தில் பக்கவாட்டுப் பின்கள வீரருக்கு நெடுங்காலம் ஒரே வேலைதான்: எதிரணி விங்கரை மறித்து நிறுத்துவது. 1925இல் ஆஃப்சைட் விதி தளர்ந்து கோல்கள் பெருகியதும், ஆர்சனல் பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மன் நடுக்களத்திலிருந்து ஒருவரை இறக்கிப் பின்களத்தில் மூவரை நிறுத்தினார். ஆளுக்கு ஆள் காவல் என்ற அந்த ஏற்பாட்டில் பக்கக் காவலர் இடம் பெயர்ந்தால் ஓட்டை விழும். அதனால் அவர் நடுக்கோட்டைத் தாண்டுவதே அரிது.

இந்தக் கட்டை அவிழ்த்ததில் பிரேசிலுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே 1950களில் நால்வர் பின்களம் வேரூன்றியது. ஒருவர் முன்னேறினாலும் மூவர் காவலுக்கு இருப்பார்கள். 1958 உலகக் கோப்பையில் ஆஸ்திரியாவுக்கு எதிராக இடது பின்கள வீரர் நில்டன் சாண்டோஸ் முன்னேறிச் சென்று கோலடித்தார். திரும்பி வரச் சொல்லிப் பயிற்சியாளர் ஃபியோலா எல்லைக்கோட்டருகே கத்திக்கொண்டே இருந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது.

தற்காப்புக்குப் பெயர்போன இத்தாலியிலும் இதே மாற்றம் நடந்ததுதான் வியப்பு. இன்டர் மிலான் பயிற்சியாளர் ஹெலெனியோ ஹெரேரா, இளவயதில் முன்கள வீரராக ஆடிய ஜாச்சிந்தோ ஃபக்கெத்தியை இடது பின்களத்தில் நிறுத்தினார். அந்தப் பக்கத்து நடுக்கள வீரர் கோர்சோ உள்நோக்கி நகர்ந்துவிடுவார். திறந்து கிடக்கும் ஓரத்தில் நெட்டையான ஃபக்கெத்தி பாய்வார். வலப்பக்கம் புர்ஞிச் பின்னாலேயே நிற்பார். 1965-66 பருவத்தில் இத்தாலி லீகில் மட்டும் ஃபக்கெத்தி 10 கோல் அடித்தார்.

பின்னிருந்து வருபவரைக் காவல் காப்பது யார் என்ற கேள்விதான் இந்த உத்தியின் உயிர். அதை ஃபக்கெத்தியே எதிர்கொள்ள நேர்ந்தது, 1970 ஜூன் 21, மெக்சிகோ நகரின் அஸ்டெகா அரங்கில். உலகக் கோப்பை இறுதியாட்டம், இத்தாலிக்கு எதிராகப் பிரேசில் 3-1 என முன்னிலை. 86ஆம் நிமிடம். பிரேசிலின் குளோடோவால்டோ தன் பாதியிலேயே நான்கு இத்தாலியரை ஏய்த்துவிட்டு ரிவெலினோவிடம் பந்தைத் தருகிறார். அவர் இடது ஓரமாக நீட்டிவிட, வலது விங்கரான ஜெய்ர்சின்யோ அங்கே வந்து பிடிக்கிறார். தன் காவலுக்கு உரியவர் போன இடமெல்லாம் ஃபக்கெத்தியும் போனதால், இத்தாலியின் இடப்பக்கம் முழுதும் காலி. இத்தாலியர் இப்படித்தான் தொடர்வார்கள் என்று பிரேசில் முன்பே கணித்திருந்தது. ஜெய்ர்சின்யோவிடமிருந்து பந்து பெலேவுக்கு வருகிறது. அவர் அவசரப்படவில்லை. வலப்பக்க வெற்றிடத்தை நோக்கி மெல்ல உருட்டிவிடுகிறார். வலது பின்கள வீரரும் அணித்தலைவருமான கார்லோஸ் ஆல்பர்டோ ஓடிவந்த வேகத்திலேயே உதைக்க, பந்து தாழ்ந்து பறந்து வலைக்குள் புகுந்தது. குழு ஆட்டத்தின் அழகுக்கு இதைவிடச் சிறந்த சான்று காட்டுவது கடினம்.

பின்னர் பக்கக் காவலர் முன்னேறித் தாக்குவது பழக்கமாகிவிட்டது. 2002இல் பிரேசில் நடுவில் மூன்று காவலரை நிறுத்தி, கஃபுவையும் ராபர்டோ கார்லோஸையும் இரு ஓரங்களிலும் ஓடவிட்டு உலகக் கோப்பையை வென்றது. 2018-19 பிரீமியர் லீகில் லிவர்பூலின் வலது பின்கள வீரர் அலெக்சாண்டர்-ஆர்னால்டு சக வீரர்களின் 12 கோல்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார். இடது பின்கள வீரர் ராபர்ட்சன் 11 கோல்களுக்கு.