மேல்கோட்டைப் படியும் குதிகால் நோவும்

மார்கழித் திங்களில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி மேல்கோட்டைக்குச் சென்று வருவது வழக்கம். மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். புகைவண்டியில் வருவோர் பாண்டவபுரம் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் மேலே செல்லலாம். சென்ற மார்கழியில் யோக நரசிம்மர் குன்றின் அடிவாரத்தை அடைந்தபோது, நம்முடன் வந்த மூதாட்டியார் ஒருவர் முதற்படியிலேயே அமர்ந்துவிட்டார்.

"நீங்கள் போய் வாருங்கள், தம்பி. இந்தக் குளிரில் என் குதிகால் கல்லை மிதிக்க விடாது" என்றார்.

"வீட்டில் செருப்பு அணிந்து நடப்பதுண்டா, அம்மா?" என்று வினவினோம்.

"வீட்டிற்குள் செருப்பா! நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்?" என்று அவர் எம்மையே திருப்பிக் கேட்டார்.

அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. காலனியில் வாழும் நாம் காலணியைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பது தவறாகாது அன்றோ?

செருப்பு நமக்குப் புதிய பொருளன்று. சங்க நூல்களில் அதற்குத் 'தொடுதோல்' என்னும் பெயர் வழங்குகிறது. மலையிலும் கடலிலும் பிறந்த பண்டங்களைச் சுமந்து சென்ற வணிகர், அடியை மறைக்கும் காப்பினை அணிந்திருந்தனர் என்று பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. நெடுவழி நடப்பவனுக்குக் கால் காப்பு வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இனி மேல்கோட்டைக்கு வருவோம். திருநாராயணபுரம் என்று வைணவர் போற்றும் இவ்வூருக்கு இராமாநுசர் சோழநாட்டை விட்டு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார் என்பது மரபு. போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் அவருக்குத் துணை நின்றான் என்பர். இங்குள்ள உற்சவ மூர்த்தியாகிய செல்வப்பிள்ளையை டில்லியிலிருந்து மீட்டு வருகையில், வழியில் இடர் நேர்ந்ததாகவும், அப்போது தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டிருந்த மக்களே காத்து உதவியதாகவும் கூறுவர். அதற்கு நன்றியாக இராமாநுசர் அவர்களுக்குத் 'திருக்குலத்தார்' என்று பெயர் சூட்டி, ஆண்டில் மூன்று நாள் கோயிலுக்குள் வரும் உரிமையையும் அளித்தாராம். டில்லியில் சுல்தானிய ஆட்சி தோன்றியது 1206-இல் ஆதலின், இக்கதையின் காலக்கணக்கில் ஆராய்ச்சியாளர் ஐயம் எழுப்புவர். ஆயினும் அவ்வுரிமை வழக்கில் இருந்ததை லூயிஸ் ரைஸ் தொகுத்த மைசூர் கெசட்டியர் பதிவு செய்துள்ளது. தோல் தொழில் செய்த மாதிகரும் அவ்வுரிமை பெற்றோருள் அடங்குவர்.

அதே விட்டுணுவர்த்தனன் 1117-இல் எழுப்பிய பேலூர்ச் சென்னகேசவர் கோயிலிலும், மாதிகர் பெருமாளுக்குச் செருப்புத் தைத்து அளிக்கும் மரபு உண்டு. திருவரங்கத்திலும் அரங்கனுக்குத் தோற்செருப்புச் சமர்ப்பிக்கும் வழக்கம் இருந்து வருகிறது. அவ்வரங்கனின் பாதுகையைப் போற்றி வேதாந்த தேசிகர் 1008 சுலோகங்களில் 'பாதுகா சகஸ்ரம்' என்னும் நூலையே இயற்றினார். 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பில் திருவரங்கம் சூறையாடப்பட்ட பின்னர், அப்பெரியார் சத்தியாகாலத்திலும் மேல்கோட்டையிலும் தங்கியிருந்தார் என்று குருபரம்பரை கூறும்.

ஆகவே, ஆண்டவனுக்கே செருப்பு வேண்டும் என்று கருதிய நாடு இது. அவ்வாறிருக்க, நம் வீட்டில் நோயுற்ற தாயார் செருப்பணிந்து நடப்பதில் இழிவு எங்கிருந்து வந்தது? தோலை இழிவென்றோம், தோலைப் பதப்படுத்தித் தைத்தவனையும் இழிவென்றோம். பெருமாள் செருப்பைக் கைகூப்பி வணங்கிவிட்டு, அதனைத் தைத்தவனை ஆண்டின் எஞ்சிய நாள்களெல்லாம் வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம். மேல்கோட்டையின் மூன்று நாள் உரிமை அக்காலத்துக்குப் பெரிது, நியாயத்துக்குச் சிறிது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவே தீண்டாமையைச் சட்டத்தால் ஒழித்தது. ஆயினும் மனத்தில் தங்கிய கூச்சம் சட்டத்தால் அகலவில்லை. அக்கூச்சத்தின் தண்டனையை இன்று நம் முதியோரின் குதிகால்கள் அனுபவிக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இக்கூச்சத்தை ஒதுக்கிவிட்டுக் காலணியை மருந்தாகவே கண்ட இடம் நம் தமிழ்நாட்டில் உள்ளது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்டு 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் பாதங்களில் ஆறாத புண்கள் தோன்றுவதற்குச் சதை தானே அழுகுவது காரணமன்று என்றும், உணர்ச்சியற்ற பாதத்தின் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தம் விழுவதே காரணம் என்றும் அவரும் அவர்தம் குழுவினரும் நிறுவினர். காட்பாடிக்கு அண்மையிலுள்ள கரிகிரியில் 1955-இல் தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கேற்ற செருப்புகள் உருவாயின. உள்ளே பாதத்தைத் தாங்கும் மெத்தென்ற நுண்துளை ரப்பர். அடியில் முள்ளும் கல்லும் ஊடுருவாத உறுதியான ரப்பர். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நீரிழிவு நோயாளர் வாங்கி அணிவது இதன் வழிவந்ததேயாம். அங்கே மருத்துவரும் செருப்புத் தைப்பவரும் ஒரே பணியின் இரு கைகளாக நின்றனர்.

தொழுநோயாளர் கால் நோவை உணராதது. நம் மூதாட்டியாரின் காலோ நோவை மிகுதியாக உணர்வது. எனினும் இரண்டிற்கும் பொருந்தும் விதி ஒன்றே: அழுத்தம் ஒரே இடத்தில் குவியாமல் பாதம் முழுவதும் பரவ வேண்டும். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு திசுப்பட்டை ஓடுகிறது. அது நைந்து நோவதையே குதிகால் வாதம் என்கிறோம். இரவில் அப்பட்டை சுருங்கியிருக்கும். காலையில் எழுந்து தரையில் வைக்கும் முதலடியில் அது திடீரென்று இழுபடும், நோவு கொல்லும். தரை கடினமாயின் நோவு மிகும். குளிரில் தசையும் மூட்டும் விறைத்திருப்பதால் துன்பம் இன்னும் கூடும்.

குளிர்காலத்துக்குக் காலணி வாங்குவோர் சிலவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். நடந்து வீங்கிய கால் மாலையில் சற்றுப் பெரிதாயிருக்கும். ஆதலின் மாலையிலேயே வாங்குக. அணியப்போகும் கம்பளிக் காலுறையோடு நின்றுகொண்டு அளவு பார்க்க வேண்டும். இரு பாதங்களுள் பெரியதற்கு ஏற்ப வாங்குதல் நலம். விரல் நுனிக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். காலணியின் பின்சுவரை அழுத்தினால் அது அமுங்கக் கூடாது. வளைத்துப் பார்த்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே வளைய வேண்டும். நடுவில் துணிபோல் மடங்குவது உதவாது. உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கலும் குதிகாலுக்கு மெத்தென்ற அட்டையும் வேண்டும். தேய்ந்த, தட்டையான ரப்பர்ச் செருப்பு நோவுள்ள காலுக்குத் துணையாகாது.

அகலத்தைப் பற்றியும் ஒரு சொல். 1948-இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 திசம்பர் முதல் 2022 மார்ச்சு வரை, நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்து ஆராய்ந்தது. நம் நாட்டவர் பாதம் பொதுவாக ஐரோப்பியர் பாதத்தினும் அகலமானது என்று அவ்வாய்வு கண்டது. ஆங்கில அளவில் செய்த குறுகிய காலணியில் நம் கால் நுழையாததால், தேவைக்கு மிஞ்சிய நீளமுள்ளதை வாங்கிக் கயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு நடக்கிறோம். ஆதலின் எண்ணை மட்டும் கேளாமல் அகலத்தையும் கேட்டு வாங்குக.

நீரிழிவினால் கால் மரத்தவர் அணியுமுன் காலணிக்குள் கையை விட்டுக் கல்லோ ஆணியோ உண்டா என்று பார்க்க வேண்டும். குளிருக்கு அஞ்சிக் கணப்பருகிலோ வெந்நீர்ப் பையிலோ காலை வைக்கலாகாது. சுடுவது தெரியாமலே வெந்துவிடும். நோவு சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், வீக்கமோ மரமரப்போ தோன்றினாலும், மருத்துவரை நாடுவதே முறை.

மூதாட்டியார் கதையை முடிக்காமல் விடலாகாது. ஊர் திரும்பியபின் அவருக்கு ஏற்ற செருப்பொன்றை வீட்டில் அணிவதற்கென்றே தனியாக வாங்கித் தந்தோம். அதிலும் குதிகால் உறுத்தியது. நிலையத்தின் வெளியே அமர்ந்து செருப்புத் தைக்கும் பெரியவர், அவரை நிற்கச் சொல்லிப் பாதத்தைப் பார்த்துவிட்டு, மெத்தென்ற ரப்பரை வெட்டி, நோகும் இடத்தில் மட்டும் சிறு குழி விட்டு உள்ளே ஒட்டித் தந்தார். நோவு முற்றும் நீங்கிற்று என்று சொல்ல மாட்டோம். ஆனால் அம்மூதாட்டியார் இப்போது காலையில் சுவரைப் பிடிக்காமல் அடுக்களைக்கு நடந்து செல்கிறார். அப்பெரியவருக்கு நாற்காலியிட்டுக் காப்பியும் தம் கையாலேயே கொடுத்தார்.

சந்நிதியில் செருப்பைக் கழற்றுவது பக்தி. சில்லென்ற சிமெண்டுத் தரையில் நோகும் காலோடு வெறுங்காலாய் நடப்பது பக்தியன்று. வரும் மார்கழியில் மேல்கோட்டைக்குச் செல்கையில், குன்றின் அடிவாரம் வரை நம் முதியோர் நல்ல காலணியோடு நடந்து வரட்டும். அதற்கு மேலே ஏற இயலாதவர் அடிவாரத்திலேயே நின்று வணங்கட்டும். அவர்களை அவ்வளவு தொலைவு நடத்தி வந்த கைகளையும் அப்போது நினைப்போமாக.