பழைய கம்ப்யூட்டரைக் கண்டம் பண்ணும் முன்

நம்ம அண்ணனூர் கார் ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்குக் 'கண்டம்' என்ற சொல் பழக்கம். ஓடுகிற நிலையில் உள்ள மின்ரயில் பெட்டியானாலும், குறித்த வயது முடிந்தால் கழித்துவிடுவார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதே கதைதான். அது கெட்டுப்போய் நாம் மாற்றுவதைவிட, தேதி குறித்து மாற்ற வைப்பதுதான் அதிகம்.

தேதிகளைப் பாருங்கள். விண்டோஸ் 98-க்கு 2006 ஜூலையில் ஆதரவு நின்றது. 2001-ல் வந்த எக்ஸ்பி, 2014 ஏப்ரல் 8 வரை தாக்குப்பிடித்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14; அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் வீட்டுக்காரர்களுக்கு இன்னும் ஓராண்டு வழி வைத்தார்கள். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. 2016-ல் ஆசையாக வாங்கியது, நன்றாக ஓடினாலும் தேறாது.

அதனால்தான் நம் வயதுக்காரர்கள் இப்போது "எதை வாங்கலாம் சார்?" என்று கேட்கிறார்கள். எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம் இருந்தால் நம் வேலைக்குத் தாராளம். பழைய பெட்டியையே வைத்துக்கொள்ள விரும்பினால் லினக்ஸ் போடலாம். நம் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இலவசம்தான். ஆனால் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பழையதில் இருக்கும் தமிழ் என்ன ஆகும்?

இதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்து ஏமாற்றினோம். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அம்மா இருக்க மாட்டாள், அந்த ஐந்து குறிகள்தான் இருக்கும். இப்படி ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியீடுகளும் அதில் பிறந்தவை. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தாலும், அது நம் வீட்டு மேசைக்கு வரத் தாமதமானது. விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவோடு வந்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். எனவே 2005-க்கு முன் தட்டிய தமிழ், பெரும்பாலும் பழைய கணக்கில்தான் இருக்கும்.

என் தகப்பனார் கடைசிக் காலத்தில் எங்கள் குடும்பக் கதையைச் சொல்லச் சொல்ல, நான் 40 பக்கம் தட்டி வைத்தேன். எங்கள் வீட்டில் இதுவரை மூன்று கம்ப்யூட்டர் மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் கோப்பு பத்திரமாக வந்தது, எழுத்துரு வரவில்லை. நான்கு தலைமுறைப் பெயர்கள் அதில்தான் இருக்கின்றன. அவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் யாரும் இன்று இல்லை.

நல்லவேளை, இதற்கு மருந்து உண்டு. நம் சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த 'என்எச்எம் கன்வெர்ட்டர்' போன்ற மென்பொருள்கள் பழைய எழுத்துக்களை யூனிகோடாக மாற்றும். எந்த எழுத்துரு என்று மட்டும் தெரிய வேண்டும். அது பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில்தான் இருக்கும். எங்கள் 40 பக்கத்தையும் அப்படித்தான் மீட்டேன். ஒற்று, கொம்பு இடம் மாறியதைத் திருத்த இரண்டு நாள் பிடித்தது.

ஆகவே, எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் உடனே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவில் எடுங்கள். ஃபிளாப்பி ஏதும் இருந்தால், சோனியே அதன் விற்பனையை 2011-ல் நிறுத்திவிட்டது, இப்போதே படிக்கப் பாருங்கள். பழைய தமிழ்க் கோப்பு ஒவ்வொன்றையும் புதியதில் திறந்து, கண்ணால் படித்துப் பார்த்த பிறகு பழையதைக் கண்டம் பண்ணலாம். முக்கியமானதை ஒரு பிரதி தாளிலும் அச்செடுத்து வையுங்கள்.