த்ரிஷ்யம் 2: பொலிஸ் நிலையத்துக்குக் கீழே ஒரு மகன்

ஜீத்து ஜோசப் இயக்கிய மலையாளப் படமான ‘த்ரிஷ்யம் 2’, 2021 பெப்ரவரி 19இல் அமேசான் பிரைமில் வெளியானது. 2013இல் வந்த முதற்பாகத்தை எம்மில் பலர் கமல்ஹாசனின் ‘பாபநாசம்’ (2015) ஊடாகவே அறிந்தோம். 2017இல் அது ‘தர்மயுத்தய’ என்று சிங்களத்திலும் வந்தது; ஜக்சன் அன்ரனி நடிக்க, இயக்கியவர் தமிழகத்தின் செய்யாறு ரவி. இரண்டாம் பாகம் தமிழில் எடுக்கப்படவில்லை.

ஆறு வருடங்களின் பின் கதை தொடர்கிறது. ஜோர்ஜ்குட்டி (மோகன்லால்) இப்போது தியேட்டர் முதலாளி. மகளை வீடியோ எடுத்து மிரட்டியபோது கொல்லப்பட்ட வருணின் உடலை, அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த பொலிஸ் நிலையத்துக்குள் புதைத்தவர் அவர். வருணின் தாய் கீதா (ஆஷா சரத்) முன்னாள் பொலிஸ் உயரதிகாரி, பழிதீர்க்காமல் ஓயமாட்டார். ஜோர்ஜ்குட்டியின் பக்கத்து வீட்டுத் தம்பதிகூடப் பொலிஸ் உளவாளிகள்தான். (எமக்கு இது புதிதல்ல.) கடைசியில் சாட்சி கிடைக்கிறது, நிலம் தோண்டப்படுகிறது, எலும்புக்கூடு வெளிவருகிறது. மரபணு மட்டும் பொருந்தவில்லை. பரிசோதனைக்கு முன்பே ஜோர்ஜ்குட்டி வேறொருவரின் எலும்புகளை மாற்றிவிட்டார்.

பலரும் கொண்டாடிய திருப்பம் இது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்கும்போது கைதட்ட வரவில்லை. படத்தில் மறைப்பவர் அதிகாரமற்ற தகப்பன், தேடுபவர் அதிகாரமுள்ள தாய். இங்கே அது தலைகீழ். கிருசாந்தி குமாரசுவாமி கொலைவழக்கில் தண்டிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாக 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியெடுக்கப்பட்டவை 15 மட்டுமே. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் அதிகமான எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன.

படத்தில் என்னை உலுக்கியது வருணின் தகப்பன் பிரபாகர் (சித்திக்). தண்டனை வேண்டாம், ஈமக்கிரியைக்கு மகனின் எச்சத்தையாவது தா என்று எதிராளியிடமே கேட்கிறார். முடிவில் சாம்பல் அவருக்குக் கிடைக்கிறது. ஆற்றில் கரைக்கிறார். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20இல் அமர்ந்த தாய்மாருக்கு அந்தப் பதிலும் வரவில்லை. பிள்ளையை உயிரோடு ஒப்படைத்தவர்களிடம் சாம்பலைப் பற்றிப் பேசுவதே கொடுமை.

செம்மணியில் புத்தகப்பையும் பொம்மையும் மீட்கப்பட்டன. அங்கு கிடைத்த பொருட்கள் 2025 ஓகஸ்ட் 5இல் மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன.